இருவருக்கும் ஒரே அளவு

மார்ச் 3

பின்னவளுக்கு,

உயிரோடுதான் இருக்கிறேன். நீயும் இருப்பாய் என்று நம்புகிறேன். உன் மகளுக்கு வேலை கிடைத்த விருந்தில் "நான் உன் வார்டு பேஷண்ட் இல்லடி" என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனாயே, அதற்குப் பிறகு நான்தான் முதலில் எழுதுகிறேன். பத்து நிமிடம் முன்னால் பிறந்த பாவத்துக்கு எல்லாவற்றையும் நானே முதலில் செய்ய வேண்டியிருக்கிறது.

போன் செய்யலாமே என்பாய். நாம் போனில் பேசினால் "சாப்பிட்டியா"வில் ஆரம்பித்து "வை போனை"யில் முடிகிறது. காகிதம் என்றால் கோபம் வரும்போது பேனாவை மூடி வைத்துவிட்டு ஒரு நடை நடந்துவிட்டு வரலாம். ஆனால் அந்த நடைதான் இப்போது பிரச்சினை.

என் வலது குதிகால் என்னை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது. காலையில் கட்டிலிலிருந்து இறங்கி வைக்கும் முதல் அடியில் உள்ளே ஆணி இறங்குகிறது. கொஞ்சம் நடந்தால் அடங்கும். ஆபரேஷன் தியேட்டரில் இரண்டாவது கேஸ் முடிவதற்குள் மறுபடி ஆரம்பித்துவிடும். எலும்பு டாக்டர் அழுத்திப் பார்த்தார். உள்ளங்காலுக்கு அடியில் ஓடும் சவ்வு புண்பட்டிருக்கிறதாம். "இத்தனை வருஷம் சிமென்ட் தரையில நின்னா வேறென்ன ஆகும்" என்றார். பயிற்சி சொல்லிக் கொடுத்தார், நல்ல ஷூ போடச் சொன்னார். என் ஊரில் ஷூ என்றால் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கறுப்பு ஷூ, இல்லாவிட்டால் கல்யாணத்துக்குப் போடும் மினுக்குச் செருப்பு. இணையத்தில் ஒன்று வரவழைத்தேன். படத்தில் படகு மாதிரி இருந்தது, வந்தது பொம்மைக்குப் போடுவது.

அவசரம் ஏன் என்றால், ஏப்ரல் நடுவில் மேட்ரன் எங்களை ஒவ்வொருத்தியாகப் பார்க்கிறார். யார் தியேட்டரில் இருப்பது, யார் கீழே சாமான் கிடங்குக்குப் போவது என்று அன்றைக்கு முடிவாகும். கிடங்கு என்றால் நாற்காலியில் உட்கார்ந்து பஞ்சையும் கையுறையையும் எண்ணுவது. டாக்டர் கை நீட்டும் முன் கத்தரியை அவர் கையில் வைப்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வேலை. அது போனால் என்னிடம் வேறு ஒன்றும் இல்லை. உனக்குப் புருஷன், பிள்ளை இருக்கிறார்கள், எனக்கு அந்த அறைதான்.

உன் நகரத்தில் காலுக்கென்றே கடைகள் இருக்கின்றன. போய் ஒரு ஜோடி வாங்கி அனுப்பு. குதிகால் உட்காரும் இடம் கிண்ணம் மாதிரி குழிந்திருக்க வேண்டும். பின்பக்கத்தை இரண்டு விரலால் அமுக்கினால் மடியக் கூடாது. உள்ளங்கால் வளைவுக்கு ஒரு மேடு வேண்டும். இரண்டு கையாலும் வளைத்துப் பார், விரல் மடங்கும் இடத்தில் மடங்கினால் நல்லது, நடுவில் மடங்கினால் வைத்துவிட்டு வா. நாடா கூடாது. தியேட்டர் தரையில் என்னென்ன சிந்தும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, துடைத்தால் சுத்தமாக வேண்டும். சாயங்காலம் போ. நாளெல்லாம் நின்று கால் கொஞ்சம் வீங்கியிருக்கும்போது போட்டால்தான் உண்மையான அளவு தெரியும்.

என் அளவைக் கேட்காதே. உன் காலில் போட்டுப் பார். அம்மா நம்மில் ஒருத்திக்குப் போட்டுப் பார்த்துத்தான் இரண்டு ஜோடி வாங்குவாள். உனக்குச் சரியென்றால் எனக்கும் சரி.

முன்னவள்


மார்ச் 8

மகாராணி முன்னவள் சமூகத்துக்கு,

உறையில் உன் எழுத்தைப் பார்த்ததும் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். பிரித்தால் ஷூ. விருந்து முடிந்து இத்தனை மாதம் ஒரு வார்த்தை பேசாதவள் ஷூவுக்காகப் பேசுகிறாள். அதற்காவது பேசினாளே என்று அத்தனை கோபத்திலும் சிரிப்பு வந்தது. வீட்டுக்காரரிடம் காட்டினேன். "ஊசி போடுற மாதிரியே எழுதறாங்க" என்றார்.

முதலில் ஒப்பந்தம். ஷூவைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் எழுது. என் சர்க்கரை, என் தட்டு, மாத்திரை போட்டேனா இல்லையா, இதில் ஒரு வார்த்தை வந்தாலும் கடிதத்தை அப்படியே திருப்பி அனுப்பிவிடுவேன். அத்தனை பேர் முன்னால் என் விரலைப் பிடித்துக் குத்தி, மெஷினில் வந்த எண்ணை ஏலம் விடுகிற மாதிரி உரக்கப் படித்தாயே, அது இன்னும் என் காதில் இருக்கிறது. அதனால் ஷூ மட்டும்.

மூன்று கடை ஏறி இறங்கினேன். முதல் இரண்டிலும் உன் சட்டதிட்டங்களைச் சொன்னதும் சிரித்தார்கள். மூன்றாவது கடையில் ஒரு பெண், பொறுமைசாலி. "யாருக்கும்மா" என்றாள். "எனக்குத்தான். எனக்கு இல்லை, ஆனா என் கால்ல போட்டுப் பார்க்கணும். கால் என்னோடது, வலி இன்னொருத்தியோடது" என்றேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

வாங்கியது நீலம். அமுக்கச் சொன்ன இடத்தில் அமுக்கினேன், மடக்கச் சொன்ன இடத்தில் மடக்கினேன். போட்டுக்கொண்டு கடைக்குள்ளேயே கண்ணாடி வரைக்கும் வாசல் வரைக்கும் போய் வந்தேன். பஞ்சு மெத்தை. எங்கேயும் கடிக்கவில்லை. காலில் ஷூ இருப்பதே தெரியவில்லை என்றேன். "அவ்வளவு சீக்கிரம் யாரும் சொல்ல மாட்டாங்கம்மா, இன்னும் ரெண்டு போட்டுப் பாருங்க" என்றாள். எதற்கு? நல்லதைக் கண்டதும் எடுத்துக்கொள்வது என் சுபாவம், சந்தேகப்படுவது உன் சுபாவம்.

நானும் தையல் கூடத்தில் நாளெல்லாம் நின்றுகொண்டுதான் சீருடைத் துணி வெட்டுகிறேன். எனக்கு ஒரு வலியும் இல்லை. போன வாரம் பட்டன் தைக்கிறவள், "அக்கா, உங்க குதிகால்ல குண்டூசி நிக்குது" என்று குனிந்து பிடுங்கிப் போட்டாள். காலையிலிருந்து அதோடு நடந்திருக்கிறேன். வேலை என்றால் அப்படி மனம் வைத்துச் செய்ய வேண்டும். நீயாக இருந்தால் அதற்கு ஒரு வாரம் லீவு போட்டு, ஊரையே கூட்டியிருப்பாய்.

போட்டுப் பார்த்து எழுது.

பின்னவள்


மார்ச் 13

பின்னவளுக்கு,

நீல ஜோடி இத்தோடு திரும்பி வருகிறது. சண்டை போடக் கூடாது என்று முடிவு செய்துவிட்டுத்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். எவ்வளவு தூரம் போகிறது பார்ப்போம்.

நீ உண்மையிலேயே போட்டுப் பார்த்தாயா? முன்பக்கம் என் விரல்களை மாவுக்கட்டுப் போட்டது போல நெருக்குகிறது. சுண்டுவிரல் பக்கம் உள்ளே ஒரு தையல் முடிச்சு துருத்திக்கொண்டிருக்கிறது. நீ தையல்காரி. கண்ணில்தான் படவில்லை, காலிலாவது பட்டிருக்க வேண்டாமா? பஞ்சு மெத்தை என்று எழுதியிருக்கிறாய். இந்தப் பஞ்சை எந்தக் கடையில் விற்கிறார்கள்?

செவ்வாய்க்கிழமை நீளமான கேஸ். நடுவில் ஒரு காலைத் தூக்கி மற்றக் காலின் மேல் வைத்துக்கொண்டு கொக்கு மாதிரி நின்றேன். பெரிய டாக்டர் தலையை நிமிர்த்தாமலே, "சிஸ்டர், ஸ்டூல் வேணுமா" என்றார். நல்ல மனிதர், அக்கறையாகத்தான் கேட்டார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. சாயங்காலம் வராந்தாவில் மேட்ரன் நின்றுகொண்டு, நான் நடந்து போவதைக் கடைசிவரை பார்த்துக்கொண்டிருந்தார். நொண்டாமல் நடந்தேன். திருப்பம் தாண்டியதும் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தாலும் ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை. உட்கார்ந்தால் எழத் தோன்றுகிறது, எழுந்தால் உட்காரத் தோன்றுகிறது. பாட்டிலில் தண்ணீரை உறைய வைத்து உள்ளங்காலால் உருட்டுகிறேன். மாடியில் என்ன உருளுகிறது என்று கேட்டுக் கீழ்வீட்டிலிருந்து ஆள் வந்தாயிற்று.

அப்புறம் அந்தக் குண்டூசி. காலையிலிருந்து என்றா எழுதியிருக்கிறாய்? சரி. ஷூ மட்டும். பேனாவைக் கடித்துக்கொண்டு நிறுத்துகிறேன்.

அரை அளவு பெரிதாக, முன்பக்கம் அகலமாக, உள்ளே தையல் தட்டாமல் ஒன்று பார். வாங்கின கையோடு அனுப்பாதே. வீட்டுக்குள்ளேயே ஒரு நாள் முழுக்கப் போட்டு நடந்து பார்த்து, எங்கெங்கே கடிக்கிறது என்று எழுதி அனுப்பு. மேட்ரன் தேதி நெருங்கிக்கொண்டிருக்கிறது, அதை மட்டும் மறக்காதே.

முன்னவள்


மார்ச் 18

முன்னவளுக்கு,

மகாராணிப் பட்டம் பறிக்கப்பட்டது. வேலையை விட்டுவிட்டுக் கடை கடையாக ஏறினவளுக்கு இதுதான் சன்மானமா? முடிச்சு எதுவும் என் காலில் படவில்லை. படாததைப் பட்டது என்று எப்படி எழுதுவேன்? உன் கால்தான் மாறிவிட்டதோ என்னவோ. என் கால் அம்மா பார்த்து வாங்கிய அதே கால்தான்.

நீல ஜோடியைக் கொண்டுபோனபோது கடைக்காரப் பெண், "வலி இருக்கிறவங்க வரட்டும். இல்லைன்னா காகிதத்து மேல நின்னு, காலைச் சுத்திப் பென்சில்ல வரைஞ்சு அனுப்பச் சொல்லுங்க" என்றாள். இரட்டைப் பிறவிக்கு எதற்குக் காகிதம் என்று சொல்லிவிட்டேன். அவள் நீலப் பெட்டியை உள்ளே வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

இந்த ஜோடி சாம்பல் நிறம். அகலமான வாய், ஆழமான குதிகால் குழி, துடைத்தால் பளபளவென்று ஆகிறது. நீ சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை காலையில் மாட்டினேன். சமையலறைக்கும் மாடிக்குமாக நடந்தேன், துணி காயப் போட்டேன், ஒட்டடை அடித்தேன். வீட்டுக்குள் ஷூ போட்டுத் திரிகிறேன் என்று மகள் படம் எடுத்து யார் யாருக்கோ அனுப்பினாள். சாயங்காலம்தான் கழற்றினேன். எங்கெங்கே கடிக்கிறது என்று எழுதச் சொன்னாய். எங்கேயும் இல்லை. வேண்டுமானால் சத்தியம் செய்கிறேன்.

வேறொரு கதை கேள். போன வாரம் கடைத்தெருவில் என் ஒற்றைச் செருப்பு கழன்று விழுந்திருக்கிறது. நான் பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கிறேன். பின்னால் வந்த வீட்டுக்காரர் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடி வந்து, "மேடம், ஒத்தைச் செருப்பு புது ஃபேஷனா" என்றார். தெருவே சிரித்தது, நானும் சிரித்தேன். அவ்வளவு தூரம் வெறுங்காலோடு நடந்தது எப்படித் தெரியாமல் போயிற்று என்று அப்புறம் அன்று முழுக்க மனது ஒரு நிலையில் இல்லை. ஏன் உனக்கு இதை எழுதுகிறேன் என்றும் தெரியவில்லை. எழுதியாகிவிட்டது, அடிக்க மனம் வரவில்லை.

ஷூவைப் போட்டுப் பார். இதுவும் சரியில்லை என்றால் உன் வாயில்தான் கோளாறு.

பின்னவள்


மார்ச் 23

பின்னவளே,

இதற்கு முன் எழுதியதையெல்லாம் கிழித்துவிட்டேன். இதைக் கிழிக்க மாட்டேன்.

சாம்பல் ஜோடி வந்தது. எதையும் போடும் முன் உள்ளே கையை விட்டுப் பார்ப்பது தியேட்டர் பழக்கம். இடது ஷூவின் நுனியில் ஒரு காகித உருண்டை இருந்தது. புது ஷூ நசுங்காமலிருக்கக் கடையில் அடைத்து வைப்பார்களே, அதுதான். வலதில் எடுத்துவிட்டு இடதில் மறந்திருக்கிறாய். மறதி யாருக்கும் வரும். ஆனால் அது உருண்டையாக இல்லை. தட்டையாகி, கல் போல இறுகி, உன் விரல்களின் அச்சு அதில் பள்ளம் பள்ளமாகப் பதிந்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க நீ அதன் மேல் விரல்களை மடக்கி வைத்து நடந்திருக்கிறாய். எங்கேயும் கடிக்கவில்லை என்று சத்தியம் வேறு செய்திருக்கிறாய். நீ பொய் சொல்லவில்லை. அதுதான் என்னை நடுங்க வைக்கிறது.

காகிதத்தின் ஓரத்திலும், சுண்டுவிரல் படும் இடத்தில் உள்பக்கத்திலும் பழுப்பாக ஒரு கறை. அது என்ன கறை என்று எனக்குத் தெரியும். என் வேலையே அந்தக் கறையோடுதான்.

ஒப்பந்தம் ஞாபகம் இருக்கிறது, மீறுகிறேன். உன் தட்டைப் பற்றி ஒரு வார்த்தை எழுத மாட்டேன். கால் மட்டும். இந்தக் கடிதத்தை வைத்துவிட்டு, ஒரு கண்ணாடியைத் தரையில் போட்டு, இடது காலை அதன் மேல் தூக்கிப் பார். விரல்களை விலக்கி இடையிலும் பார். குனிய முடியாவிட்டால் மகளைப் பார்க்கச் சொல். வலிக்கவில்லை, அதனால் ஒன்றுமில்லை என்று நினைக்காதே. வலிக்க வேண்டிய இடத்தில் வலிக்காததுதான் வியாதி. குண்டூசியை எழுதினாய், செருப்பை எழுதினாய். எல்லாவற்றையும் சிரித்துச் சிரித்து எனக்கு எழுதினாய். நான் முடிச்சு குத்துகிறது, நெருக்குகிறது என்று உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. மறுபடி செய்தேன், பாதியில் வெட்டினாய். வெட்டியதால் நீ வீட்டில் இருக்கிறாய் என்றாவது தெரிந்தது.

எனக்கு ஷூ வேண்டாம். டாக்டரிடம் போ. நாளைக்கு அல்ல, கடிதத்தைப் படித்த கையோடு.

முன்னவள்


மார்ச் 26

முன்னவளுக்கு,

நினைத்தேன். ஷூ, ஷூ என்று சுற்றிச் சுற்றிக் கடைசியில் என் உடம்புக்கே வந்து நிற்பாய் என்று முதல் கடிதத்திலேயே நினைத்தேன். வீட்டுக்காரரிடம் சொல்லவும் சொன்னேன்.

காகிதத்தைக் கடையில் அடைத்திருப்பார்கள். கறை, தேநீர். நான் தேநீர் குடித்துக்கொண்டே நடந்தேன், சிந்தியிருக்கும். உன் கண்ணுக்கு எதைப் பார்த்தாலும் ரத்தமும் சீழும்தான். காலை நின்றபடியே திருப்பிப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. கண்ணாடி வைத்துப் பார்க்கவில்லை. பார்க்கவும் மாட்டேன்.

ஏன் என்று கேட்பாய், அதனால் சொல்லிவிடுகிறேன். அப்பாவையும் முதலில் சும்மா பார்க்கத்தான் கூப்பிட்டார்கள். பார்த்துவிட்டு ஒரு விரல் என்றார்கள். அப்புறம் பாதம் என்றார்கள், அப்புறம் முழங்கால் என்றார்கள். அப்புறம் அப்பாவே இல்லை. பார்க்கிற வரைக்கும் அவர் நடந்துகொண்டுதான் இருந்தார். நீ அப்போது நர்சுப் படிப்பில் விடுதியில் இருந்தாய். கட்டுப் பிரிக்கும்போது கூட இருந்தவள் நான். அதனால் எனக்குப் பாடம் எடுக்காதே.

இருக்கிற தொல்லை போதாதென்று வீட்டில் எங்கேயோ எலி செத்துக் கிடக்கிறது. வீட்டுக்காரர் அலமாரியை நகர்த்திவிட்டார், கட்டிலைக் கழற்றிவிட்டார், கிடைக்கவில்லை. கூடத்தில் தேடினால் கூடத்தில் நாறுகிறது, அறைக்கு வந்தால் அறையில் நாறுகிறது. மகள் ஊதுவத்தி ஏற்றிவிட்டுத் தன் அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறாள். எனக்கு ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை, படுக்க முடியவில்லை. இந்த நிலையில் உன் கடிதம் வேறு.

கடை விலாசத்தை இதில் வைத்திருக்கிறேன். உன் காலை நீயே வரைந்து அனுப்பி, நீயே வாங்கிக்கொள். எனக்கு இனி எழுதாதே.

பின்னவள்


மார்ச் 31

பின்னவளுக்கு,

எழுதாதே என்றாய், எழுதுகிறேன். பேசாதே என்று சொல்லவில்லை, அதனால் உன் வீட்டுக்காரரின் ஆபீசுக்குப் போன் செய்து பேசினேன். எலி இல்லை என்று சொன்னேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். பிறகு, "அவ எங்க உட்கார்றாளோ அங்கதாங்க வருது" என்றார். அவருக்குத் தெரிந்திருக்கிறது, பாவம். வேறு யாராவது வாயைத் திறந்து சொல்லட்டும் என்று கட்டிலைக் கழற்றிக்கொண்டிருந்திருக்கிறார்.

உன்னைக் கிட்டத்தட்டத் தூக்கிக்கொண்டு போனதாகவும், காரில் ஏறும்வரை நீ என்னைத் திட்டித் தீர்த்ததாகவும் உன் மகள் சொன்னாள். நான் உடனே கிளம்புகிறேன் என்றேன். "பெரியம்மா, நீங்க வந்தா ஆஸ்பத்திரியை விட்டு எழுந்து போயிடுவேன்னு அம்மா சொல்றாங்க" என்றாள். நீ செய்யக் கூடியவள். அதனால் இங்கேயே இருக்கிறேன். இருக்கிறேன் என்பது பேச்சுக்கு. ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன், குதிகால் கதறுகிறது, நிற்க முடியவில்லை.

அப்பாவைப் பார்த்ததால் வெட்டினார்கள் என்கிறாய். பார்க்க விடாமல் அவர் மறைத்து வைத்திருந்ததால் வெட்டினார்கள். காலுறையைக் கழற்றவே மாட்டார், நினைவிருக்கிறதா? நான் விடுதியில் இருந்தேன் என்றாய், உண்மை. நீ பார்த்ததை நான் பார்க்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், வாரம் தவறாமல்.

நேற்று தியேட்டரில் ஒரு கால். பெண், நம் வயது இருக்கும், முழங்காலுக்குக் கீழே. எடுத்ததை இரண்டு கையாலும் வாங்கித் தட்டில் வைப்பது என் வேலை. எத்தனையோ முறை வாங்கியிருக்கிறேன். அது நம் கால் மாதிரி இல்லை, வேறு அமைப்பு, குட்டையான விரல்கள். ஆனாலும் கையில் கனத்தபோது என் கால் என்று தோன்றிவிட்டது. என் கால் என்றால் உன் கால். டாக்டர் கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. "சிஸ்டர்" என்றார். பக்கத்தில் இருந்தவள்தான் கத்தரியை எடுத்துக் கொடுத்தாள்.

எனக்குப் பயமாக இருக்கிறது. இதற்கு மேல் எழுதத் தெரியவில்லை. கோபத்தில் இரு, பேசாமல் இரு, வாழ்நாள் முழுக்க என்னைத் திட்டு. டாக்டர் சொல்கிறபடி மட்டும் கேள்.

முன்னவள்


ஏப்ரல் 8

முன்னவளுக்கு,

மடியில் தலையணையை வைத்துக்கொண்டு எழுதுகிறேன், கோணல்மாணலாக இருக்கும். உன் கடிதத்தை வீட்டுக்காரர் கொண்டுவந்தபோது பிரிக்க மாட்டேன் என்றேன். ஜன்னலோரம் வைத்துவிட்டுப் போனார். சில நாள் அதை முறைத்துப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். நேற்று பிரித்தேன்.

சுண்டுவிரலை எடுத்துவிட்டார்கள். இடது. புண் எலும்புக்குள் போய்விட்டதாம். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் பாதத்தையே எடுக்க வேண்டி வந்திருக்கும் என்றாள் டாக்டர். பாதம் இருக்கிறது. நீ ஆபீசுக்குப் போன் செய்ததால் இருக்கிறது. இதை நன்றி என்று எடுத்துக்கொள், வேறு மாதிரி சொல்ல எனக்கு வராது.

ஆனால் நான் சொல்ல வந்தது விரலைப் பற்றி இல்லை. வந்த முதல் நாள் நடந்ததை யாரிடமும் பேச முடியவில்லை. டாக்டர் சின்னப் பெண், என் மகளைவிடக் கொஞ்சம் மூத்தவள். மீன்பிடிக்கிற நைலான் நரம்பு மாதிரி ஒன்றை எடுத்துக்கொண்டு, "இதால பாதத்துல தொடுவேன், தெரியும்போது சொல்லுங்கம்மா" என்றாள். நான் அவள் கையையே பார்த்துக்கொண்டு, அவள் தொடத் தொட "தெரியுது, தெரியுது" என்றேன். ஒன்று விடாமல் சொன்னேன். வீட்டுக்காரர் முகத்தில் வெளிச்சம் வந்துவிட்டது. "சரி, இப்போ கண்ணை மூடிக்கங்க" என்றாள்.

மூடிக்கொண்டேன். காத்திருந்தேன். இந்நேரம் தொட்டிருப்பாள் என்று நினைத்து "தெரியுது" என்றேன். யாரும் பேசவில்லை. தப்பாகச் சொல்லிவிட்டேனோ என்று கொஞ்சம் விட்டு இன்னொரு முறை "தெரியுது" என்றேன். கண்ணைத் திறந்தபோது அவள் இரண்டு கையும் அவள் மடியில் இருந்தன. நரம்பு மேசை மேல் கிடந்தது. வீட்டுக்காரர் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் காப்பியடித்துப் பிடிபட்ட பிள்ளை மாதிரி நான் உட்கார்ந்திருந்தேன்.

இனிமேல் எனக்கும் தனியாகச் செய்த ஷூதானாம். உள்ளே தையலே இருக்கக் கூடாது. விரல் போன இடத்தில் மெத்தென்று ஏதாவது வைப்பார்களாம். போடும் முன் கையை விட்டுத் தடவ வேண்டும், தினமும் யாராவது காலைத் திருப்பிப் பார்க்க வேண்டும். எல்லாம் நீ எழுதியதுதான். அவள் சொன்னபோது தலையை ஆட்டினேன், நீ சொன்னபோது சண்டை போட்டேன்.

மேட்ரன் பார்க்கும் தேதி நெருங்கியிருக்குமே. உன் குதிகால் எப்படி இருக்கிறது? வலிக்கிறதா? கேலிக்குக் கேட்கவில்லை. நீ வலி, வலி என்று எழுதியபோது பாவமாக இருந்தது. இப்போது பொறாமையாக இருக்கிறது. இங்கே படுத்துக்கொண்டு காலை ஆட்டிப் பார்க்கிறேன், ஆடுகிறது, பக்கத்துக் கட்டில்காரியின் கால் ஆடுவது போல. அறுத்து எடுத்த இடத்தில்கூட ஒன்றும் இல்லை. கொஞ்சம் வலித்தால் போதும் என்று யாராவது சாமியிடம் கேட்பார்களா? நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

வருவதானால் வா. எழுந்து போக மாட்டேன்.

பின்னவள்


ஏப்ரல் 13

பின்னவளுக்கு,

வலிக்கிறது. இன்று காலை இறங்கினபோது கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு "அம்மா" என்று கத்தினேன். போதுமா? இதற்கெல்லாம் பொறாமைப்படுகிற ஒரே பிறவி நீதான்.

உன் கடைக்காரப் பெண்ணுக்கு என் காலை வரைந்து அனுப்பியிருந்தேன். உன் அளவை அவள் எழுதி வைத்திருந்தாளாம், இரண்டையும் ஒப்பிட்டுவிட்டுப் பதில் எழுதினாள். என் பாதம் உன்னுடையதைவிட நீளம், அகலம், வளைவு சப்பையாகிவிட்டது, வலது இடதைவிடப் பெரிது. நான் நின்ற நிற்பு அப்படி, நீ வாழ்ந்த வாழ்வு அப்படி. நாம் ஒரே அளவு என்று நம்பிக்கொண்டு உன் காலை என் காலாக நினைத்து இத்தனை காலம் இருந்திருக்கிறேன். அவள் அனுப்பிய ஜோடி கறுப்பு, எருமை மாதிரி, பார்க்கச் சகிக்கவில்லை. போட்டு நின்றால் குதிகால் கிண்ணத்தில் உட்கார்ந்துகொள்கிறது, வலி பாதியாகிறது. தியேட்டரில் முழு நாளும் தாங்கினேன்.

மேட்ரனிடம் நேற்று விடுப்புக் கேட்டேன். "இந்த வாரம் போனீங்கன்னா தியேட்டர் இடத்தை வேற ஒருத்திக்குக் கொடுக்க வேண்டியிருக்கும், தெரியும்ல" என்றார். தெரியும் என்றேன். இரண்டு நாள் யோசித்துச் சொல்லச் சொன்னார். யோசித்துவிட்டேன் என்றேன். வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். அதை உன்னிடம் மறைக்கப் போவதில்லை. திரும்பி வந்தால் கிடங்குதான். நல்ல ஷூ கிடைத்த வாரமே நிற்கிற வேலை போயிற்று. நீ சிரிக்கலாம், நானும் நடுவில் ஒருமுறை சிரித்தேன்.

இன்னும் நாலு நாளில், காலை வண்டியில் வந்துவிடுவேன். தினமும் யாராவது காலைத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்றார்களே, விடுப்பு முடிகிறவரை அந்த யாராவது நான்தான். கூச்சப்படாதே, மறைக்காதே, காலுறையோடு படுக்காதே. சண்டை வரும், வரட்டும்.

அதுவரை துணை இல்லாமல் கட்டிலை விட்டு இறங்காதே. இறங்கி அந்தக் காலை ஊன்றினால் உனக்குத் தெரியாது. எனக்கு வலிக்கும்.

முன்னவள்